சயின்ஸா, ஆர்ட்ஸா? சுற்றுச்சூழல் பட்டப்படிப்பை மண்டபம் கரையிலிருந்து புரிந்துகொள்ளுதல்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர வீடுகளில், அது கீழக்கரையானாலும் தொண்டியானாலும், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "நீ சேரப்போவது சயின்ஸா, ஆர்ட்ஸா?" என்பதாகத்தான் இருக்கும். சுற்றுச்சூழலும் வளங்குன்றாமையும் (வளங்களை வருங்காலத்துக்கும் குறையாமல் காப்பது) என்ற பெயரில் அமைந்த இளநிலைப் பட்டத்தைப் பற்றி ஒரு மாணவி பேச்செடுத்தால், இந்தக் கேள்விக்கு அவளால் நேராக விடை சொல்ல இயலாது. ஒரு கல்லூரியில் அது பி.எஸ்சி., இன்னொன்றில் பி.ஏ.; பாடத்திட்டத்தைப் புரட்டினால் சூழலியலுக்கு அடுத்த பக்கத்தில் பொருளியல் இருக்கும், புள்ளியியலுக்கு அடுத்த பக்கத்தில் சட்டம் இருக்கும். எதிலும் ஆழமில்லாத கதம்பம் என்று வீட்டார் ஐயப்படுவதில் தவறில்லை. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆயினும் இப்படிப்பு ஏன் இவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அதைப் பொதுப்படையாகச் சொல்வதைவிட, இந்தக் கரையிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு விளக்குவது எளிது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். இந்தியாவில் எந்தப் பட்டம் படித்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாளை எழுதியே ஆகவேண்டும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் விளைவாக, பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. வணிகவியல் மாணவரும் அந்தத் தாளைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார். நாம் இங்கே பேசுவது அந்த ஒற்றைத் தாளைப் பற்றியன்று. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் முழுவதையும் சுற்றுச்சூழலுக்கே ஒதுக்கும் பட்டத்தைப் பற்றி.

இனி, இக்கரையில் நடந்ததாகச் சொன்ன கதைக்கு, அதாவது கடல்பாசிக்கு வருவோம். மண்டபம், பாம்பன் பகுதிகளிலும், தென்மேற்கே ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் என்னும் கூழ்ப்பொருள் தயாரிக்க மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகின்றன. கட்டக்கோரை என்னும் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்னும் கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையைப் பற்றியிருக்கும் பாசியைக் கையால் கிள்ளி எடுக்கும் வேலை அது. பாசி மிகுந்த இடங்களில் பல, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளை ஒட்டியவை. அத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவிற்குள் அனுமதியின்றி நுழைவதும் எதையேனும் எடுப்பதும் குற்றம். தாயும் பாட்டியும் செய்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்கள், எந்த எல்லைக்கோட்டையும் தாண்டிப் போகாமலேயே, பூங்காவின் எல்லைக்கோட்டிற்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

இந்நிலையில் மற்றொரு பாசி வந்து சேர்ந்தது. கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்பது அதன் அறிவியல் பெயர். பிலிப்பைன்ஸ் பகுதிக் கடல்கள் அதன் தாயகம். ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பலவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் காரஜீனன் இதிலிருந்து கிடைப்பதால் உலகச் சந்தையில் இதற்குத் தேவை அதிகம். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 1990-களில் இதைக் கடலில் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் வணிக அளவில் இறங்க, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் இதை வளர்க்கத் தொடங்கின. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மிதவையில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியை முடிந்து விட்டால் 45 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். தீவுப் பக்கம் போகவேண்டாம், வனத்துறையிடம் அகப்படவேண்டாம், மூழ்கவேண்டாம், வருமானமும் நிலையாக வரும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? தமிழக அரசும் அயல்நாட்டுப் பாசி வளர்ப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. 2005-இல், அதை எந்தக் கடற்பகுதியில் செய்யலாம் என்று வரையறுத்து ஆணை வெளியிட்டது. ஆனால் 2008-இல் மண்டபத்திற்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் இப்பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

இதை ஒரு துறை மட்டும் பார்த்தால் என்ன தெரியும் என்று வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். உயிரியல் படித்தவர், இப்பாசி விதையோ வித்தோ இல்லாமல் உடைந்த துண்டிலிருந்தே முழுச்செடியாகிவிடும் என்பதைச் சொல்வார். பவளத்தின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியைக் கொண்டு உணவாக்கித் தருவதால்தான் பவளம் பிழைக்கிறது. மேலே பாசிப் போர்வை விழுந்தால் ஒளி மறையும், பவளம் பட்டினி கிடந்து சாகும் என்பதையும் அவர் விளக்குவார். அவர் முடிவு: அகற்றுங்கள். பொருளியல் படித்தவர் மிதவை ஒன்றுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு, கொள்முதல் செய்பவர் ஒருவரே என்றால் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கணக்கிடுவார்; பவளம் அழிந்தால் அங்கே குஞ்சு பொரித்து வளரும் மீன்கள் குறையும், அந்த இழப்பு பாசி விற்பவர் கணக்கிலும் வராது, வாங்குபவர் கணக்கிலும் வராது, நாட்டுப்படகுக்காரர் வலையில் வந்து விழும் என்பதையும் நல்ல பொருளியலாளர் சேர்த்தே சொல்வார். சட்டம் படித்தவர் பூங்காவின் எல்லையைக் காட்டுவார். சமூகவியல் படித்தவரோ, 'மீனவர்' என்றதும் அரசுப் படிவங்களில் படகேறும் ஆண் மட்டுமே நினைவுக்கு வருவதால், பாசி எடுக்கும் பெண்ணின் இழப்பை எந்தக் கணக்கெடுப்பும் பிடிப்பதில்லை என்பார்.

நால்வரும் சொல்வது உண்மைதான். நான்கையும் அடுத்தடுத்து எழுதி வைத்தால் நான்கு பக்கம் கிடைக்குமே ஒழிய முடிவு கிடைக்காது. இந்தப் பட்டப்படிப்பு கற்றுத்தரவேண்டிய வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உடைந்த துண்டு முளைக்கும் என்ற உயிரியல் செய்தியை நீரோட்டத்தோடு சேர்த்தால், மிதவை எங்கே கட்டப்படுகிறது, எந்தக் காற்றுக் காலத்தில் உடைகிறது என்பது பெரிய கேள்வியாகிவிடும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். ஆகவே ஒரே மிதவை ஒரு கரையில் ஒரு பருவத்தில் பாதுகாப்பானது, மறுகரையில் அதே பருவத்தில் ஆபத்தானது. சட்டம் வரைந்த எல்லை துண்டுப் பாசிக்குத் தெரியாது என்பதால், பூங்காவிற்கு வெளியே வளர்த்தால் போதும் என்ற வாதம் தானே தளர்ந்துவிடுகிறது. படர்ந்த பாசியைக் கையால் அகற்றும் செலவை யார் தருவது என்பது சட்டமும் பொருளியலும் சேர்ந்து விடைகாணவேண்டிய கேள்வி. 'இந்தப் பாசி நல்லதா, கெட்டதா' என்று தொடங்கியது, 'பவளத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எந்த மாதங்களில், யாருடைய பொறுப்பில்' என்று வந்து நிற்கிறது. கேள்வியை இப்படித் திருத்தி அமைக்கும் திறமையைத்தான் இங்கே பயிற்சி என்று சொல்லவேண்டும். வளமாவூரில் 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கடல்பாசிப் பூங்காவைப் பற்றிப் பேசுவோரும் இன்று இதே கேள்விகளுக்குத்தான் விடை தேடவேண்டியிருக்கிறது.

இன்னொரு இழையும் இதில் உண்டு. இயற்கைப் பாசி எடுக்கும் பெண்கள் பல ஊர்களில் தமக்குள் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர், பொதுவில் கிடக்கும் வளத்தை ஒவ்வொருவரும் தன்னலத்தால் சுரண்டி அழித்துவிடுவர் என்று எழுதியது உலகெங்கும் பாடமாயிற்று. அப்படி ஆகவேண்டிய கட்டாயம் இல்லை, பயன்படுத்துவோரே விதிவகுத்துக் காத்துவரும் பொதுவளங்கள் ஏராளம் என்று கள ஆய்வுகளின் மூலம் காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பயின்றதோ அரசியல் அறிவியல். இவ்விரண்டையும் வகுப்பில் படித்துவிட்டுப் பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போகும் மாணவர் அந்த 12 நாள் ஏற்பாட்டைப் பார்க்கும்போது, அது எந்த நிபந்தனையில் நிற்கும், வெளியூரார் வந்தால் எப்படி உடையும் என்று கேட்கத் தெரிந்தவராக இருப்பார்.

வளங்குன்றாமை என்பதை விளக்க இக்கரையின் மீன்பிடிப்பே போதும். இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது, வருந்தலைமுறைகள் தம் தேவையை நிறைவேற்றும் ஆற்றலைக் கெடுக்காதிருக்க வேண்டும் என்று 1987-இல் ஐ.நா. சார்பில் புருண்ட்லாண்ட் குழு சொன்ன வரையறை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. கேட்க அழகாக இருக்கும் இந்த வரையறை, எவ்வளவு மீனைப் பிடிக்கலாம் என்று கேட்டால் வாய் திறக்காது. கடலில் உள்ள மீன்கூட்டம் ஆண்டுதோறும் எவ்வளவு பெருகுகிறதோ அந்தப் பெருக்கத்தை மட்டும் எடுத்தால் கூட்டம் குறையாது என்பது கொள்கை. பெருக்கம் எவ்வளவு என்று எப்படி அறிவது? மீன் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாது. கரைக்கு வந்த மீன்தான் தெரியும்.

இங்கேதான் புள்ளியியல் வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பாம்பன் கரையில் இறக்கப்பட்ட மீனின் எடை ஐந்தாண்டுகளாக மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடல் நலமாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா? அதே எடையைப் பிடிக்க முன்பு ஒரு நாள் கடலில் இருந்த படகு இப்போது மூன்று நாள் இருக்கிறது என்றால், வலையின் கண்ணளவு சிறுத்திருக்கிறது என்றால், என்ஜின் குதிரைத்திறன் கூடியிருக்கிறது என்றால், மாறாத அந்த எடை உண்மையில் சரிவைக் காட்டுகிறது. ஆகவே மொத்தப் பிடிப்பைப் பார்க்காமல், ஒரு அலகு உழைப்புக்கு எவ்வளவு பிடிப்பு என்று பார்க்கவேண்டும். 1947-இல் தொடங்கப்பட்டு 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இறங்குதளங்களில் மாதிரி எடுத்துக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தது. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாமல் மீன்வளத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும். கணிதம் பிடிக்காததால் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பவர்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

கணக்கு முடிந்த பிறகு விதி வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்குகிறது. பாக் நீரிணையில், விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று முறைவைத்தும் பிரித்திருக்கிறார்கள். தடைக்காலம் மீனின் இனப்பெருக்கத்தைக் கருதிய விதி என்றால், நாள்முறை மனிதச் சண்டையைத் தவிர்ப்பதற்கான விதி. கடலில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மீனைக் காக்கும் ஏற்பாடு எந்த வீட்டு அடுப்பை இரண்டு மாதம் அணைக்கிறது என்று கேட்காத மாணவர் பாதிப் பாடம்தான் படித்திருக்கிறார்.

அறிவியல் அறிக்கை நீதிமன்றத்தில் எப்படிச் செயல்படுகிறது என்பதற்குக் கடலோரத் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது, நிலத்தடி நீர் உப்பானது குறித்து நீரி என்னும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அளித்த அறிக்கைகளைப் பெரிதும் சார்ந்திருந்தது. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதி என்று 1991-இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அளந்து வைத்திருந்ததே அந்த வழக்கின் அச்சாணி. அந்தக் கோட்டை நிலத்தில் எங்கே போடுவது என்பது வரைபடக் கலை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த ஒரு மாவட்டத்தில், கரைக்கோடு நிலையாக நிற்காது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஆகவே செயற்கைக்கோள் படங்களை அடுக்கிக் கரை மாற்றத்தை அளக்கும் புவியியல் தகவல் முறை இப்படிப்பில் கட்டாயமாக இருக்கும்.

கரையை விட்டு உள்ளே நடந்தால் கண்மாய். வைகையின் நீர் கடைசியாக வந்து சேரும் இராமநாதபுரம் பெரிய கண்மாய் தொடங்கி, பறவைகள் தங்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் வரை எல்லாவற்றிலும் சீமைக்கருவேலம் பற்றிய வாக்குவாதம் உண்டு. அயல்நாட்டு மரம், நீர்நிலையை அடைக்கிறது, வெட்டவேண்டும் என்பது ஒரு பக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துக் குடும்பங்களைக் காத்தது அதே மரத்தின் கரிமூட்டம்தான் என்பது மறுபக்கம். பாசிக்குச் சொன்ன முறையை இங்கே வாசகர்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

பாடங்கள் எவ்வாறு அமையும்? முதலாண்டில் சூழலியல், புவி மற்றும் காலநிலை அறிவியல், அடிப்படைப் புள்ளியியல், பொருளியல் ஆகியவை. இரண்டாம் ஆண்டில் மாசு வேதியியல், சுற்றுச்சூழல் சட்டம், வரலாறு, சமூக ஆய்வு முறைகள். பிறகு விருப்பப் பாடங்களும் களப்பணியும். இறுதியில் ஓர் ஆய்வேடு. வரிசை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். என் கருத்தில் இவற்றுள் களப்பணிதான் மற்ற எல்லாவற்றையும் இணைக்கும் இடம். கிணற்று நீரின் உப்பளவை அளந்த அதே மாணவர், அந்தக் கிணற்றில் நீர் இறைக்கும் வீட்டாரிடம் குடிநீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்றும் கேட்டு எழுதினால், இரண்டு துறைகள் ஒரே நோட்டுப் புத்தகத்தில் சந்திக்கின்றன.

ஆழமின்மை பற்றிய ஐயத்திற்கு விடை, பட்டத்தில் அன்று, மாணவரின் தேர்வில் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் மட்டும் தெரிந்தவரை எந்த ஆய்வுக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், கடல் உயிரியலோ புவியியல் தகவல் முறையோ சட்டமோ ஒன்றைத் தனக்கென்று பற்றிக்கொண்டு, மற்றத் துறையினரின் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஏனையவற்றைக் கற்பதே அறிவுடைமை.

வேலை பற்றிச் சுருக்கமாக. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள் ஆகியவை வழக்கமான வாய்ப்புகள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் வளங்குன்றாமை அறிக்கை தரவேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருப்பதால் கம்பெனிகளிலும் இடம் உருவாகியுள்ளது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்திருக்கவேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. வனத்துறைக் கனவோடு சேர்பவர், இவற்றுள் ஒன்று தம் மதிப்பெண் பட்டியலில் தனிப்பாடமாக இடம்பெறுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரசு ஆசிரியப் பணியை நினைப்பவருக்கும் பட்டத்தின் இணைத்தன்மை (வழக்கமான பாடப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுமா என்பது) பற்றி இதே கவனம் தேவை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட, பருவம் ஒன்றுக்கு எத்தனை நாள் களத்திற்கு அழைத்துப்போகிறார்கள், பொருளியலையும் சட்டத்தையும் அந்தந்தத் துறையினரே நடத்துகிறார்களா, சென்ற ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள் எவை என்று கேட்பது பயன்தரும். தலைப்புகளில் வெறும் வேதியியல் அளவீடுகளோ வெறும் கருத்துக்கணிப்புகளோ மட்டும் இருந்தால், துறைகள் அங்கே இன்னும் தனித்தனி அறைகளில்தான் இருக்கின்றன என்று பொருள். அருகில் இத்தகைய படிப்பு கிடைக்காதவர்களும் தயங்க வேண்டியதில்லை. உள்ளூரிலேயே விலங்கியலோ பொருளியலோ படித்துவிட்டு, முதுநிலையில் இத்துறைக்கு மாறலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை தொண்டியிலேயே இருக்கிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. எந்த முதுநிலைப் படிப்புக்கு எந்த இளநிலைப் பாடம் தகுதியாகும் என்பதை மட்டும் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.